எஞ்சின் ஒயிலில் தண்ணீர் கலந்தால்

வீட்டை விட்டு ஓடிவந்த விவசாயக் குடும்பங்கள் பல, கூரையை விட்டு வந்தாலும் இறைப்பு மெசினை விட்டு வரவில்லை. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குச் சனம் நடந்தபோது, சைக்கிள் கரியரில் மெசினைக் கட்டி உருட்டிக்கொண்டு வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 2009 இல் வன்னியில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி இடம் இடமாகக் கொண்டு திரிந்தவர்களும் உண்டு. காரணம் எல்லோருக்கும் தெரியும். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் கிணறும் மெசினும் இருந்தால் முதல் போகத்தைச் செய்யலாம். மெசின் இல்லாவிட்டால் கடனிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்படிப் பத்திரமாகக் காத்த மெசின்கள் சில, முதல் இறைப்பிலேயே உடைந்து போகின்றன. அதற்குரிய முக்கியமான காரணம் ஒன்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம். அதுதான் எஞ்சின் ஒயிலில் சேரும் தண்ணீர். இறைப்பு மெசினை வைத்தே விளக்குகிறோம். ஆயினும் கார், மோட்டார் சைக்கிள், லாண்ட் மாஸ்ரர் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

நாங்கள் சொன்ன தவறான புத்திமதி

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். உறவினர் காணியில் கொட்டில் போட்டிருந்த ஒரு குடும்பத்திடம் நல்ல மெசின் ஒன்று இருந்தது. இறைக்க நிலம் இல்லை. "சும்மா வைத்தால் இறுகிப்போகும். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் இயக்கிவிட்டு நிறுத்துங்கள்" என்று நாங்கள் சொன்னோம். அந்த ஐயா அதைத் தவறாமல் செய்தார். மழைக்கும் தூசிக்கும் பயந்து, மெசினைப் பொலித்தீனால் நிலத்தோடு இறுகச் சுற்றியும் வைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது.

காணி கிடைத்தது. அடைவு வைத்த காசில் வெங்காயம் நட்டார்கள். இரண்டாவது இறைப்பில் மெசின் அரை மணித்தியாலம் ஓடி, உள்ளே பெரிய சத்தம் கேட்டு நின்றது. கழற்றிப் பார்த்தபோது கொனெக்ரிங் றொட் உடைந்திருந்தது. பெயரிங்கில் துரு. அடியில் பால் தேநீர் நிறத்தில் ஒயில். கராச்சில் வேலை செய்த வயதானவர் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "தம்பியவை, இது ஓடித் தேயேல்லை. ஓடாமல் தேஞ்சிருக்கு."

வெங்காயத்துக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். அயலவர் தங்கள் இறைப்பு முடிந்த பின் இரவில் மெசின் கொடுத்து உதவியதால் பாதிப் பயிராவது தப்பியது. அதன் பின்னர்தான் நாங்கள் இதைப் பற்றி ஒழுங்காகப் படித்தோம். படித்ததை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"நாங்கள் தண்ணீர் ஊற்றவில்லையே, எப்படி வந்தது?" என்று கேட்பீர்கள். ஐந்து வழிகள் உள்ளன.

1. எரிபொருள் எரிவதால்

இது பலருக்குப் புதுமையாக இருக்கும். பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகிய எல்லாவற்றிலும் ஐதரசன் இருக்கிறது. எரியும்போது அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராகிறது. ஒரு லீற்றர் எரிபொருள் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். அது ஆவியாக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. காலையில் காரை இயக்கும்போது சைலன்சர் நுனியில் சொட்டும் நீர் இதுதான்.

இந்த ஆவியில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சிறு பகுதி பிஸ்ரன் வளையங்களைக் கடந்து ஒயில் இருக்கும் அறைக்குள் இறங்கும். மெசின் நன்றாகச் சூடாகியிருந்தால் இதனால் தீங்கில்லை. ஒயில் 80, 90 பாகை செல்சியசைத் தாண்டும்போது நீர் மீண்டும் ஆவியாகி மூச்சுத் துவாரத்தால் வெளியேறிவிடும். மெசின் குளிர்ந்திருந்தால் அது உள்ளேயே நீராகப் படியும். சோற்றுப் பானை மூடியின் உட்புறத்தில் ஆவி துளிதுளியாக நிற்பதைப் போன்றது இது.

ஐந்து நிமிடத்தில் மெசினின் வெளிப்பக்கம் சுடும். ஒயில் சூடாகாது. ஆகவே ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிடம் இயக்குவது, ஒவ்வொரு நாளும் சிறிது தண்ணீரை ஒயிலுக்குள் விடுவதற்குச் சமம். எங்கள் புத்திமதி தவறானது இதனால்தான்.

2. காற்றின் ஈரத்தால்

பகலில் மெசின் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிரும்போது வெளிக்காற்று உள்ளே வரும். மாரி காலத்தில் அந்தக் காற்று ஈரமானது. அந்த ஈரம் குளிர்ந்த இரும்பில் படிந்து ஒயிலில் இறங்கும். ஒரு இரவில் வருவது மிகச் சிறிதளவே. ஆனால் நூறு இரவுகளில் சேர்ந்துவிடும்.

3. மழையாலும் வெள்ளத்தாலும்

ஒயில் ஊற்றும் மூடி தொலைந்தால் துணியைச் செருகி வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. துணி தண்ணீரை உறிஞ்சி உள்ளே இறக்கும். மேல்நோக்கிய புகைக்குழாய் உள்ள இயந்திரங்களில் மழைநீர் குழாய் வழியாக வால்வுக்கு வந்து, வால்வு திறந்திருந்தால் சிலிண்டருக்குள் போகும். பழைய உழவு இயந்திரக்காரர் புகைக்குழாய் வாயில் ஒரு ரின்னைக் கவிழ்த்து வைப்பது இதற்காகத்தான்.

4. குளிராக்கும் தண்ணீரால்

இது கார், லொறி, லாண்ட் மாஸ்ரர் போன்ற தண்ணீரால் குளிராக்கும் எஞ்சின்களில் மட்டும் வரும். தலைக் காஸ்கெற் எரிந்தால், தலைப்பகுதி வெடித்தால், அல்லது லைனரின் இறப்பர் வளையம் பழுதானால், குளிராக்கும் தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கும். சிறிய இறைப்பு மெசின்கள் காற்றால் குளிர்பவை. அவற்றில் இந்த வழி கிடையாது. ஆகவே இறைப்பு மெசினின் ஒயில் வெளுத்திருந்தால் "காஸ்கெற் போய்விட்டது" என்று யாரும் சொன்னால், அவசரப்பட்டுக் காசு கொடுக்க வேண்டாம்.

5. வாங்கும் ஒயிலால்

வெளியில் நிமிர்த்தி வைத்த பீப்பாவின் மேல்மூடியில் மழைநீர் தேங்கும். பீப்பா இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, இறுக்கமில்லாத மூடி வழியாக அந்த நீரை உள்ளே இழுக்கும். அந்த ஒயிலைப் போத்தலில் அளந்து வாங்கினால், ஒயிலோடு தண்ணீரையும் வாங்கி வருகிறோம்.

மண்ணெண்ணெயும் ஒரு காரணம்

1990 களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்கள், சில துளி பெற்றோலை விட்டு இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கு நினைவிருக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுவதும் எரியாது. எரியாத பகுதி சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலில் இறங்கும். ஒயில் நீர்த்துப்போய், அளவுக் கம்பியில் மட்டம் உயரும்.

பெற்றோலில் இயக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் இறைப்பு மெசின்களிலும் இதே கதைதான். ஆகவே ஒயில் மட்டம் கூடியிருப்பதைக் கண்டு மகிழ வேண்டாம். ஒயில் தானாகக் கூடாது. கூடினால் தண்ணீரோ எரிபொருளோ சேர்ந்திருக்கிறது. வெளுத்திருந்தால் தண்ணீர். மெல்லியதாகி மண்ணெண்ணெய் மணத்தால் எரிபொருள். குறுகிய நேரமே ஓடும் மெசினில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஒயிலுக்குள் தண்ணீர் என்ன செய்கிறது?

மிகச் சிறிதளவு தண்ணீர் ஒயிலில் கரைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அளவு கூடினால் ஒயில் கலங்கும். மேலும் கூடினால், தயிரை மத்து கடைவதைப்போல் சுழலும் பாகங்கள் ஒயிலையும் நீரையும் சேர்த்துக் கடைந்து, பால் தேநீர் நிறக் குழம்பாக்கிவிடும். நின்ற மெசினில் ஒரு பகுதி நீர் பிரிந்து அடியில் தங்கும். தண்ணீர் ஒயிலை விடப் பாரமானது.

இதனால் வரும் தீமைகள் நான்கு.

முதலாவது, உராய்வு. சுழலும் இரண்டு இரும்புகளுக்கு நடுவே மெல்லிய ஒயில் படை இருப்பதால்தான் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. தண்ணீருக்கு அந்தப் பாரத்தைத் தாங்கும் வலு இல்லை. அந்த இடத்தில் உலோகம் உலோகத்தைத் தொடும்.

இரண்டாவது, துரு. ஓடாமல் நிற்கும் நாட்களில் பெயரிங்கிலும் கிராங்கிலும் துரு பிடித்துச் சிறு குழிகள் விழும். பின்னர் ஓடும்போது அந்தக் குழிகளின் விளிம்பு அரத்தைப்போல் அராவும்.

மூன்றாவது, அமிலம். எரிபொருளில் உள்ள கந்தகம் எரிந்து வரும் வாயு தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகிறது. அமிலம் உலோகத்தைத் தின்னும்.

நான்காவது, சேறு. ஒயிலில் கம்பனிகள் சேர்க்கும் மருந்துகள் தண்ணீரால் வலுவிழக்கும். கரியும் நீரும் ஒயிலும் சேர்ந்த சேறு, ஒயில் போகும் வழிகளை அடைக்கும்.

சிறிய மெசினுக்கு இந்த ஆபத்து அதிகம். ஐந்தரைக் குதிரைவலுப் பம் ஒன்று கொள்ளும் ஒயில் ஏறத்தாழ 0.6 லீற்றர்தான். அதில் ஒரு சிறிய தேநீர்க் கோப்பையின் பாதியளவு, அதாவது 50 மில்லிலீற்றர் தண்ணீர் சேர்ந்தாலே பன்னிரண்டில் ஒரு பங்கு தண்ணீராகிவிடும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

* பார்வை: மெசினை மட்டமான இடத்தில் வைத்து, இயக்குவதற்கு முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நல்ல ஒயில் தேன் நிறம் அல்லது கறுப்பு. கறுப்பானது அழுக்கைச் சுமக்கிறது, அவ்வளவுதான். பால் தேநீர் நிறம் என்றால் தண்ணீர்.

* போத்தல்: சிறிது ஒயிலை ஒரு தெளிந்த போத்தலில் எடுத்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் நீர் பிரிந்து நின்றால் சந்தேகம் இல்லை. மேலே வெளுப்பாகவே நின்றாலும் தண்ணீர்தான்.

* வெடிச் சோதனை: கண்ணுக்குத் தெரியாத அளவு நீரையும் இது ஓரளவு காட்டும். ஒரு தகர மூடியை அடுப்பில் சூடாக்குங்கள். தண்ணீர் தெளித்தால் "சுர்" என்று உடனே வற்றும் அளவு சூடு போதும். பின் மூடியைக் குறட்டால் எடுத்து, நெருப்பிலிருந்து தூரமாக ஒரு கல்லில் வையுங்கள். அதில் துளி நீரும் இருக்கக்கூடாது. ஒரு குச்சியால் ஒரேயொரு துளி ஒயிலை விடுங்கள். படபடவென்று வெடித்துக் குமிழ் வந்தால் தண்ணீர் இருக்கிறது. சத்தமின்றிப் பரவிப் புகைந்தால் இல்லை. முகத்தைத் தள்ளி வையுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். மண்ணெண்ணெய் கலந்த ஒயில் தீப்பிடிக்கக்கூடும் என்பதால் இதை நெருப்புக்கு மேல் செய்யவே கூடாது.

ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மாரியில் சந்தைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் மோட்டார் சைக்கிளிலும் காரிலும், ஒயில் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் போன்ற பசை காணப்படலாம். உடனே எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. மூடியைத் துடைத்துவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓடுங்கள். காரில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் உயர்ந்த பிறகும் ஒயில் சூடாக இன்னும் நேரம் எடுக்கும். ஆகவே அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட வேண்டும். அளவுக் கம்பியில் ஒயில் சுத்தமாக இருந்து, றேடியேற்றரில் தண்ணீரும் குறையாவிட்டால் பயமில்லை. மாறாகத் தண்ணீர் வெளியே ஒழுகாமல் குறைந்து, சூடான பிறகும் வெள்ளைப் புகை நின்றபாடில்லை என்றால் ஓட்டத்தை நிறுத்திக் கராச்சுக்குக் கொண்டுபோங்கள். தண்ணீர் கொதித்து ஆவியாகும் பழைய வகை லாண்ட் மாஸ்ரரில் தண்ணீர் குறைவது இயல்பு. அதில் ஒயிலைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தண்ணீர் இருந்தால் என்ன செய்வது?

1. மெசினை இயக்காதீர்கள். "ஓடவிட்டால் காய்ந்துவிடும்" என்பது கலங்கிய ஒயிலுக்குப் பொருந்தாது.

2. ஒரு இரவு அசையாமல் வைத்து, காலையில் அடி நட்டை மெல்ல இளக்குங்கள். முதலில் தண்ணீர் வரும். பின் ஒயில் முழுவதையும் இறக்குங்கள். வடி இருந்தால் அதையும் மாற்றுங்கள்.

3. அதே தரத்து மலிவான புதிய ஒயிலை மட்டத்துக்கு ஊற்றி, பாரம் கொடுக்காமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சூட்டோடு இறக்குங்கள். அது இன்னும் வெளுத்திருந்தால் மீண்டும் ஒருமுறை செய்யுங்கள். ஒயிலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் ஊற்றி ஓடவிடுவது மெசினைக் கொல்லும் வேலை.

4. பிறகு நல்ல ஒயில் ஊற்றி, அடுத்த இறைப்பில் ஒரு மணித்தியாலம் வேலை வாங்குங்கள். அது குளிர்ந்த பின் மறுபடி சோதியுங்கள்.

வெளுத்த ஒயிலைச் சட்டியில் காய்ச்சித் தண்ணீரை வற்றவைத்து மீண்டும் பாவிக்க எண்ணுபவர்கள் இருக்கிறார்கள். கையில் காசில்லாத நிலையை நாங்கள் அறிவோம். ஆனாலும் வேண்டாம். அது பொங்கி அடுப்பில் வழிந்தால் கொட்டிலே எரியும். காய்ச்சினாலும் அமிலமும் சேறும் அதற்குள் அப்படியே இருக்கும்.

வெள்ளத்தில் மூழ்கிய மெசின்

மூழ்கிய மெசினின் கயிற்றை உடனே இழுக்கக்கூடாது. காற்றை நெருக்கலாம். தண்ணீரை நெருக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பலமாக இழுத்தால் றொட் வளையும். முதலில் பிளக்கைக் கழற்றி, அதன் பின் மெதுவாக இழுத்து நீரை வெளியேற்றுங்கள். ஒயில், எரிபொருள் தாங்கி, காபிரேற்றர் கிண்ணம் எல்லாவற்றையும் இறக்குங்கள். காற்று வடியைக் காய வையுங்கள். பிளக் துவாரத்தால் ஒரு கரண்டி புதிய ஒயில் விட்டுச் சில தரம் மெதுவாகச் சுற்றுங்கள். அதன் பின் மேலே சொன்னபடி ஒயில் மாற்றுங்கள். இவற்றை அன்றே செய்ய வேண்டும். காற்றுப் பட்டதும் துரு வேகமாகப் பிடிக்கும். கடல்நீர் பட்டிருந்தால் முதலில் நல்ல நீரால் கழுவ வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரத்தில் உப்போடு கிடந்த இயந்திரங்கள் துருவாகிப்போனதை நாம் மறக்கக்கூடாது. டீசல் எஞ்சின் மூழ்கினால் மெக்கானிக்கை அழையுங்கள்.

வேலையில்லாமல் வைத்திருக்கும் மெசின்

எங்கள் வாசகர்களுக்கு மிக முக்கியமானது இதுதான். இடம்பெயர்ந்ததால் மட்டுமன்றி, எரிபொருள் விலையாலும் மெசின்கள் கிடப்பில் கிடந்திருக்கின்றன. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, எங்களுக்குத் தெரிந்த சில குடும்பங்கள் மெசினை மூலையில் வைத்துவிட்டன.

* பழைய ஒயிலோடு வைக்காதீர்கள். அதில் ஈரமும் அமிலமும் இருக்கின்றன. வைப்பதற்கு முன்னரே புதிய ஒயில் மாற்றி, சிறிது நேரம் ஓடவிட்டு எல்லா இடமும் பரவச் செய்யுங்கள்.

* தாங்கியையும் காபிரேற்றரையும் வெறுமையாக்குங்கள்.

* பிளக்கைக் கழற்றி ஒரு கரண்டி ஒயில் விட்டு, கயிற்றை இழுத்துப் பரப்பிவிட்டுப் பிளக்கைப் பூட்டுங்கள். பின் கயிற்றை மெதுவாக இழுத்து, கை இறுகும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். ஈரக்காற்று சிலிண்டருக்குள் போகாது.

* மண் நிலத்தில் வைக்காமல் பலகையிலோ கல்லிலோ வையுங்கள். சாக்கால் அல்லது பழைய சீலையால் மூடுங்கள். பொலித்தீனால் இறுகச் சுற்றினால் நிலத்தின் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். மழைக்குத் தறப்பாள் வேண்டுமானால், காற்றோட்டம் விட்டு மேலே கூரைபோல் கட்டுங்கள்.

* இடையில் இயக்க விரும்பினால் மாதம் ஒருமுறை போதும். ஆனால் தண்ணீர் இறைக்க விட்டு அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓட விடுங்கள். அதற்கு வசதியில்லை என்றால் இயக்காமல் விடுவதே நல்லது.

* ஓடாத மெசினுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றுங்கள். ஓடும் மெசினுக்கு ஆறு மாதம் அல்லது நூறு மணித்தியாலம், எது முதலில் வருகிறதோ அது கணக்கு. புது மெசினுக்கு முதல் மாற்றம் 20 மணித்தியாலத்தில்.

ஒயில் வாங்குதலும் கொட்டுதலும்

முடிந்தவரை மூடி உடையாத கலனில் வாங்குங்கள். ஒரு பீப்பாவைப் பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால், அதைக் கூரையின் கீழ் படுக்கையாக வையுங்கள். இரண்டு மூடிகளும் வலமும் இடமுமாக ஒரே மட்டத்தில், ஒயிலுக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். அப்போது காற்றும் நீரும் உள்ளே போகாது.

இறக்கிய ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணக்கல். மேலே கொட்டுவது கீழே போய்விடும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினை உயர் நீதிமன்றம் வரை சென்றதை அறிவோம். பழைய ஒயிலைக் கலனில் சேர்த்துக் கராச்சில் கொடுங்கள்.

குழுவாகக் கலந்துரையாடுங்கள்

1. உங்கள் குழுவில் ஓடாமல் இருக்கும் மெசின்கள் எத்தனை? கடைசியாக எப்போது ஒயில் மாற்றப்பட்டது?

2. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தங்கள் மெசினின் ஒயிலைச் சிறிய போத்தலில் கொண்டுவந்து வரிசையாக வைத்துப் பாருங்கள். எது வெளுத்திருக்கிறது? ஏன்?

3. ஒருவருடைய மெசின் பழுதானால், அவருடைய பயிர் வாடாமல் இருக்க மற்றவர்கள் முறை வைத்து இறைத்துக் கொடுக்கும் ஒழுங்கை உங்களால் செய்ய முடியுமா?

அந்த ஐயாவின் மெசின் பின்னர் திருத்தப்பட்டு இப்போதும் ஓடுகிறது. அவர் இப்போது காலையில் கயிற்றை இழுக்கும் முன் ஒயில் மூடியைக் கழற்றி, கம்பியைச் சீலையில் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிறார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உங்கள் மெசினுக்கும் நாளைக் காலையில் அதைச் செய்து பாருங்கள்.